ஓய்வெடுத்த கொலையாளியை மறுபடி எழுப்பலாமா?

டேவிட் ஜெம்மெலின் ‘வேலேண்டர்’ என்கிற ஆங்கிலக் கற்பனை உலக நாவலைப் படித்து முடித்துவிட்டீர்கள், ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. இரண்டாம் பாகம் வாங்கலாம் என்று பார்த்தால், ஏற்கெனவே படித்தவர்கள் ஆளுக்கொரு திசையில் இழுக்கிறார்கள். முதலாவதைவிட இதுதான் உசத்தி என்கிறார் ஒருவர். அரைத்த மாவையே அரைத்திருக்கிறார் என்கிறார் இன்னொருவர். முதல் பாகம் மனசில் அப்படியே நிற்க வேண்டுமானால் இதைத் தொடாதீர்கள் என்கிறார் மூன்றாமவர். யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அவன் பட்டதெல்லாம் போதும், அங்கேயே விட்டுவிடலாமோ என்றும் தோன்றுகிறது என்று. எனக்கு அதுதான் நிஜமான கேள்வியாகப் படுகிறது. அரும்பாடு பட்டுக் கரை ஏறியவனை மறுபடி தண்ணீரில் தள்ளுகிற கதையைப் படிக்க உங்களுக்கு மனசு வரவில்லை. அதை ஒட்டியே பதில் சொல்கிறேன்.

நான் விமர்சகன் இல்லை. 22 வருஷம் ஒரு லெண்டிங் லைப்ரரி நடத்தியவன். ஆங்கிலப் பேப்பர்பேக்குகளுக்கு ஒரு சுவர் முழுக்க அடுக்கு வைத்திருந்தேன், அதில் ஜெம்மெலுக்கு மட்டும் ஒரு தட்டு. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்திலும் கோடு போட்ட தாள் ஒன்றை ஒட்டியிருப்பேன். திருப்பித் தருகிறவர் இஷ்டப்பட்டால் அதில் ஒரு வரி எழுதலாம். பெயர் போட வேண்டியதில்லை. எழுதாதவர்கள் கல்லாவில் நின்று வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள். நீங்கள் கேட்கிற இந்தப் புத்தகத்தின் தாள் இரண்டு பக்கமும் நிரம்பி, மேலே இன்னொன்றை ஒட்டினேன். எண்ணிக் கணக்கு வைத்ததில்லை, அதனால் இத்தனை பேருக்குப் பிடித்தது இத்தனை பேருக்குப் பிடிக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. என்னிடம் இந்த அடுக்குப் பக்கம் வந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பையன்களும் பென்ஷன் வாங்குகிறவர்களும்தான். பெண்கள் குறைவு. நான் சொல்வதில் அந்தக் கோணல் இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்கள். ‘வேலேண்டர்’ 1986இல் வந்தது. இரண்டாம் பாகமான ‘ஓநாயின் ராஜ்ஜியத்தில்’ 1992இல். மூன்றாவதும் கடைசியுமான ‘நிழல்களில் நாயகன்’ 2000இல். மூன்றுமே டிரெனாய் என்கிற கற்பனை நாட்டை வைத்து ஜெம்மெல் எழுதிய 11 நாவல்களில் சேர்ந்தவை. ஆக முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஆறு வருஷம். அந்த இடைவெளியில் அவர் பெரும்பாலும் வேறு உலகங்களில் வேறு கதைகள் எழுதிக்கொண்டிருந்தார். அடுத்தடுத்து எழுதிய தொடர்ச்சி இல்லை இது. முதல் பாகம் எழுதியவருக்கு வயது முப்பத்தெட்டுக்குள், இரண்டாவது எழுதியவர் நாற்பதைத் தாண்டியவர். படிக்கும்போது இந்த வயசு வித்தியாசம் தெரியும்.

முதல் பாகம் ஏன் உங்களைப் பிடித்தது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது. காசுக்காகத் தன் நாட்டு ராஜாவையே கொன்றவன், அந்தக் கொலையால் அழிந்துகொண்டிருக்கும் நாட்டைக் காப்பாற்றப் போகிறான். அவனைப் போகச் சொல்லிக் கேட்பது யார் என்றால், செத்துப்போன ராஜாவின் அப்பா. பெற்ற பிள்ளையைக் கொன்றவனிடம் போய் வெண்கலக் கவசத்தைக் கொண்டு வா என்று கேட்கிற அந்த இடத்துக்கே புத்தகத்துக்குக் கொடுத்த காசு சரியாகப் போயிற்று. இன்னொரு பக்கம் டார்டாலியன். எறும்புக்கும் தீங்கு நினைக்காத துறவி, வேலேண்டர் கையால் காப்பாற்றப்பட்டு, அவனோடு பழகிக் கத்தி எடுக்கிறான். கொலைகாரன் கொஞ்சம் சாமியாராகிறான், சாமியார் கொஞ்சம் கொலைகாரனாகிறான். இந்தத் தராசு இரண்டு பக்கமும் ஆடுவதுதான் முதல் புத்தகம். கடைசியில் தராசு நின்றுவிடுகிறது, அவனுக்கும் இனி ஒரு வாழ்க்கை உண்டு என்கிற நினைப்போடு மூடிவைக்கிறோம்.

இரண்டாம் பாகத்தில், முதல் சில அத்தியாயங்களுக்குள் தெரிந்துவிடுகிற அளவுக்கு மட்டும் கதையைச் சொல்கிறேன். வேலேண்டர் இப்போது தன் சொந்தப் பெயரான டகேராஸ் என்ற பெயரில் மலைக்காட்டில் குடிசை போட்டுக்கொண்டு இருக்கிறான். முதல் பாகத்தில் அவனோடு சேர்ந்த டேன்யல் செத்துப்போய்விட்டாள். யாரும் கொல்லவில்லை, விபத்து. முதல் பாகத்தில் டேன்யல் கூட்டிக்கொண்டு திரிந்தாளே அந்த அனாதைக் குழந்தைகள், அதில் இரட்டைப் பெண்கள் இருவர் ஞாபகம் இருக்கிறதா? மிரியெல், கிரில்லா. அவர்களைத்தான் மகள்களாக வளர்த்திருக்கிறான். கிரில்லா கல்யாணமாகிப் போனவள். அவள் சாவுக்குக் காரணமாகிவிடுகிறான் போடலென் என்பவன். இந்தப் போடலென் கார்னாக்கின் மகன். முதல் பாகத்தில் பர்டால் கோட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றானே, நீங்கள் கைதட்டியிருப்பீர்களே, அதே கார்னாக். இப்போது நாட்டை ஆள்வது அவன்தான். செத்த பெண்ணை வளர்த்தவன் யார் என்று தெரிந்ததும் அவனுக்கு உதறல் எடுக்கிறது. வேலேண்டர் பழிவாங்க வருவான், மகனை விடமாட்டான் என்று பயந்து, அவன் வருவதற்கு முன்பே அவன் தலைக்குப் பெரிய தொகை வைத்து ஆட்களை அனுப்புகிறான். கொலையாளிகள் மலையேறி வருகிறார்கள். அங்கிருந்து கதை தொடங்குகிறது.

இனி, தொடாதீர்கள் என்கிறவர்கள். இவர்களைத்தான் நீங்கள் அதிகம் பொருட்படுத்துகிறீர்கள் என்பதால் இவர்களிடமே முதலில் போவோம். இவர்களுடைய மனத்தாங்கல் டேன்யல்தான். முதல் புத்தகம் முழுக்கப் பாடுபட்டுச் சேர்த்துவைத்த பெண்ணை, இரண்டாவது புத்தகம் தொடங்குவதற்கு முன்பே, நம் கண்ணுக்குத் தெரியாமல் சாகடித்துவிட்டார் என்கிறார்கள். உண்மைதான், அப்படித்தான் செய்திருக்கிறார். என் தாளில் ஒரு பையன், சிவப்பு மசியில், “இதற்கு அவளைக் காப்பாற்றாமலே இருந்திருக்கலாம்” என்று எழுதியிருந்தான். இந்தக் கோபத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஓய்வெடுத்த வீரனைத் திரும்பக் களத்துக்குக் கொண்டுவர மனைவியைக் கொல்வது கதைக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்கிற சுலபமான வேலை. அதுவும் இவனுக்கு இது இரண்டாவது தடவை. முதல் மனைவியும் குழந்தைகளும் கொள்ளைக்காரர்கள் கையில் செத்ததால்தானே இவன் கொலையாளியே ஆனான்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டேன்யலைக் கொன்றவன் என்று யாரும் இல்லை. பழிவாங்க ஆள் கிடையாது. முதல் மனைவி செத்தபோது துரத்திக் கொல்வதற்கு ஆட்கள் இருந்தார்கள், துரத்தினான், கொன்றான், அதுவே தொழிலாகிவிட்டது. இந்தத் தடவை துக்கத்தை எடுத்துக்கொண்டு போய் இறக்கிவைக்க இடமே இல்லை. கல்லறையிடம் உட்கார்ந்து பேசுகிறான், வேட்டையாடுகிறான், மகளுக்கு வில்லும் கத்தியும் சொல்லிக் கொடுக்கிறான். பாதி நேரம் அவன் மகளுக்குப் பயிற்சி கொடுக்கிறானா, தனக்குத் துணை வேண்டுமென்று அவளைத் தன்னைப்போல் ஆக்கிக்கொண்டிருக்கிறானா என்று நமக்கே சந்தேகமாக இருக்கும். இந்தப் பகுதி சண்டைக் கதையே இல்லை. இதை எழுதுவதற்காகத்தான் டேன்யலை விபத்தில் சாகவிட்டார் என்று நான் நினைக்கிறேன். இது என் வாசிப்பு மட்டும். கதையை நகர்த்தக் கிடைத்த கருவி அவ்வளவுதான் என்று நீங்கள் சொன்னால் உங்களை மறுக்க என்னிடம் ஆதாரம் கிடையாது.

இதில் வயசு வேலை செய்கிறது என்பது என் அனுபவம். இருபது வயதுக்காரர்கள் இந்தத் தொடக்கத்தை இழுவை என்பார்கள், கோட்டை முற்றுகை வந்ததும் எழுந்து உட்கார்வார்கள். ஓய்வு பெற்றவர்கள் தலைகீழ். மலைக் குடிசையில் ரசித்துவிட்டு முற்றுகையில் கண் அசந்துபோவார்கள். போலீஸில் இருந்து ரிட்டயரான ஒருவர் என் கடைக்கு வருவார். இந்தப் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, “உத்தியோகம் விட்டுப் போகும் சார், காது போகாது. ராத்திரி நாய் குரைத்தால் நான் இன்னும் எழுந்துபோய் கேட்டைப் பார்க்கிறேன்” என்றார். கதையைப் பற்றி வேறு ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து அதே புத்தகத்தை மறுபடி எடுத்துப்போனார்.

அரைத்த மாவு என்கிறவர்களுக்கு வருகிறேன். இவர்கள் சொல்வது பொருட்களைப் பொறுத்தவரை முழுக்கச் சரி. தனித்துப்போன வயசான வீரன், தொலைவில் உட்கார்ந்து சூழ்ச்சி செய்கிற மந்திரவாதி, பாழடைந்த கோட்டை, அதற்குள் கொஞ்சம் பேர், வெளியே கடல் மாதிரி படை, சண்டை போடலாமா கூடாதா என்று விவாதிக்கிற முப்பது துறவிகள். ஜெம்மெல் படித்தவர்களுக்கு இவையெல்லாம் வீட்டுச் சாமான் மாதிரி. 1984இல் வந்த முதல் நாவலான ‘லெஜெண்ட்’டில் டிரஸ் என்கிற 60 வயது வீரன் கோட்டைச் சுவரில் கோடரியோடு நின்றதிலிருந்து அவர் இதே சாமான்களைத்தான் இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். தொடர்ந்து நாலு புத்தகம் எடுத்துப்போகிறவர்களிடம் நடுவில் வேறு ஆளைப் படியுங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் இடம் மாற்றி வைப்பதில் ஒரு சங்கதி இருக்கிறது. நீங்கள் ‘லெஜெண்ட்’ படித்திருக்கிறீர்களா என்று சொல்லவில்லை. அதில் நாதிர் என்கிற குதிரைக் குடிகள்தான் எதிரி. சிதறிக் கிடந்த அந்தக் குடிகளை உல்ரிக் என்பவன் ஒன்று சேர்த்து, டிரெனாய்க் கோட்டைமேல் படையெடுத்து வருகிறான். வேலேண்டர் கதை நடப்பது அதற்கு ரொம்ப காலம் முன்பு. இரண்டாம் பாகத்தில் கோட்டைக்குள்ளே மாட்டிக்கொண்டிருப்பவர்கள் அதே நாதிர்கள், ஓநாய்க் குடி. வெளியே நிற்பது காதிர் என்கிற நாட்டுச் சக்கரவர்த்தியின் படை. நம் ஆட்கள் போய் நிற்பது நாதிர் பக்கம். அவர்களுடைய கிழட்டு மந்திரவாதி கேசா கான், என்றைக்கோ பிறக்கப்போகிற அந்த ஒன்றுசேர்ப்பவனுக்காக இன்றைக்கே காய் நகர்த்திக்கொண்டிருக்கிறான். அதாவது டிரெனாய் வீரர்களும் துறவிகளும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிற வம்சம்தான் பின்னாளில் டிரெனாய் நாட்டின் கழுத்துக்குக் கத்தி வைக்கப்போகிறது. ‘லெஜெண்ட்’ படித்தவருக்கு இந்தப் பகுதி முழுக்க முதுகில் ஒரு சில்லிப்பு இருந்துகொண்டே இருக்கும். படிக்காதவருக்கு, யாரோ ஒரு கூட்டம், ஏதோ ஒரு கோட்டை, நம் ஆள் எங்கே போய்விட்டான் என்கிற எரிச்சல் வரும். ஒரே அத்தியாயங்களை ஒருவர் உச்சம் என்றும் இன்னொருவர் இடைச்செருகல் என்றும் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்வேன். அதனால் ஒருவருடைய கருத்தைப் படிக்கும்போது, நல்லா இருக்கு, நல்லா இல்லை என்பதை விட்டுவிட்டு, அவர் இதற்கு முன் ஜெம்மெலில் என்ன படித்திருக்கிறார் என்று பாருங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இங்கிலாந்துப் பதிப்பின் பெயரிலேயே ‘வேலேண்டர் 2’ என்று இருக்கும். அமெரிக்காவில் ‘ஓநாயின் ராஜ்ஜியத்தில்’ என்ற பெயரை மட்டும் வைத்துப் போட்டார்கள். அதனால் இது இரண்டாம் பாகம் என்றே தெரியாமல் எடுத்துப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு டேன்யல் யாரோ ஒரு செத்துப்போன பெண், கார்னாக் யாரோ ஒரு தடித்த ராஜா. அவர்கள் போடுகிற மதிப்பெண்ணை வைத்து நீங்கள் முடிவெடுக்க முடியாது. நானே ஒரு தடவை, முதல் பாகம் வெளியே போயிருந்தது என்று, ஒரு கல்லூரி வாத்தியாருக்கு இரண்டாவதை முதலில் கொடுத்தேன். தனியாகவே படிக்கலாம் சார் என்று வேறு சொன்னேன். பாதியில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஆறு மாதம் அந்த அடுக்குப் பக்கமே வரவில்லை மனுஷன்.

முதலாவதைவிட உசத்தி என்கிறவர்கள் பேசுவது பெரும்பாலும் மிரியெலைப் பற்றி. என் கட்சியும் கிட்டத்தட்ட அதுதான், ஆனால் எனக்குக் காரணம் இரண்டு: ஒன்று மிரியெல், இன்னொன்று கார்னாக். மிரியெலைச் சுற்றி மூன்று ஆண்கள் சேர்கிறார்கள். முகமெல்லாம் தழும்பாக, அரங்கத்தில் சண்டை போட்டுக் கிழடாகிப்போன ஏஞ்சல். கொல்ல வந்து அவளைப் பார்த்ததும் கட்சி மாறுகிற அழகன் சென்டா. தன் குடியை விட்டு ஓடிவந்த நாதிர்க்காரன் பெலாஷ். இந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டு பயணம் போகிற பகுதியில் ஜெம்மெலின் வசனம் நல்ல சூட்டில் இருக்கிறது. பத்திரிகையில் பல வருஷம் வேலை பார்த்தவர் அவர், நீட்டி முழக்கமாட்டார். ஒரு காட்சி நாலு பக்கம், போதும், அடுத்தது. ‘வேலேண்டர்’ வந்த சமயத்தில்தான் பத்திரிகை வேலை போய் முழுநேர எழுத்தாளரானார். கூட வேலை பார்த்தவர்கள் பெயரைப் பாத்திரங்களுக்கு வைத்ததுதான் காரணம் என்பார்கள். மேலதிகாரியை எந்தப் பாத்திரமாக்கினார் என்று யோசித்துக்கொண்டே முதல் பாகத்தை மறுபடி படிக்கலாம், நல்ல பொழுதுபோக்கு.

கார்னாக்கைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்று எனக்குப் பல வருஷமாக ஆச்சரியம். முதல் பாகத்தில் அவன் நாயகன். சுவரில் நின்றவன், சிரித்துக்கொண்டே மற்றவர்களுக்குத் தெம்பு கொடுத்தவன். ஜனங்கள் அவனை நம்பியது நியாயம். அதே ஆள், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, ஒரு தறுதலை மகனுக்காக, தன் நாட்டைக் காப்பாற்றியவனுக்கே ஆள் அனுப்புகிறான். இதில் அவன் மாறிவிட்டான் என்று ஜெம்மெல் எழுதவில்லை. அதே தைரியம், அதே சாமர்த்தியம், அதே சிரிப்பு. எல்லாம் இருக்கிறது. பயம் மட்டும் புதிது. வேலேண்டர் பழிவாங்கக் கிளம்பவே இல்லை, வருவான் என்று இவன்தான் முடிவுகட்டிக்கொள்கிறான். பயந்தவன் செய்த முன்னேற்பாடுதான் பயந்தது நடக்கக் காரணமாகிறது. வேலேண்டருக்கும் இவனுக்கும் உள்ள ஒற்றுமை, இருவருமே அப்பாக்கள் என்பதுதான். ஒருவன் மகளைக் கத்தி பிடிக்கப் பழக்குகிறான், ஒருவன் மகனுக்காகக் கத்தியை அனுப்புகிறான். முதல் பாகத்தில் கொலைகாரனும் துறவியும் தராசில் எதிரெதிரே இருந்தார்கள். இந்தப் பாகத்தில் இரண்டு அப்பாக்கள். இதை மனசில் வைத்துப் படித்தால், நடுவில் வருகிற மந்திர தந்திரமெல்லாம் கொஞ்சம் பின்னால் போய்விடும்.

மந்திர தந்திரம் என்றேனே, புத்தகத்தின் நிஜமான பலவீனம் அதுதான். ஜூ சாவோ என்கிற வில்லன் அட்டையில் வெட்டிய வில்லன். கோட்டைக்கு அடியில் பழைய காலத்து மந்திரசக்தி ஒன்று புதைந்திருக்கிறது, அதிலிருந்து வருகிற பயங்கரங்கள் கடைசி மூன்றில் ஒரு பங்கில் குவிந்துகொண்டே போகின்றன. மலைக் குடிசையில் தொடங்கிய கதைக்கு இது பொருந்தவில்லை. எல்லா இழையையும் ஒரே முடிச்சில் கட்டுகிற அவசரம் தெரிகிறது. பெண்கள் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. மிரியெல் ஜெம்மெல் எழுதிய பெண்களில் நன்றாக வந்தவள்தான், ஆனால் அவளைப் பார்க்கிற ஆண் கண்கள் புத்தகத்தில் நிறைய. அவளுடைய உடம்புக்கு வருகிற ஆபத்தைக் கதை அடிக்கடி பயன்படுத்திக்கொள்கிறது. என்னிடம் படித்த ஒரு கல்லூரி மாணவி, “சண்டை போடக் கற்றுக்கொடுத்தவர், அவளைத் தனியாக ஒரு பக்கம் உட்காரவிட்டிருக்கலாம்” என்று தாளில் எழுதினாள். நியாயமான குறை. சித்திரவதைக் காட்சிகளும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் கையில் நான் கொடுத்ததில்லை.

நீங்கள் எந்தக் கட்சியில் சேர்வீர்கள் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ராபின் ஹாப் படித்திருக்கிறீர்களா? அவருடைய ஃபிட்ஸும் ஓய்வெடுத்த கொலையாளிதான். முதல் மூன்று நாவல்கள் 1995இலிருந்து 1997க்குள் வந்தன. பிறகு 2001இல் வந்த ‘முட்டாளின் வேலை’யில் பதினைந்து வருஷம் கழித்து அவனைப் பார்க்கிறோம். பெயர் மாற்றிக்கொண்டு, ஒரு வளர்ப்பு மகனோடும் ஓநாயோடும் குடிசையில் இருக்கிறான். கிட்டத்தட்ட அதே தொடக்கம். ஆனால் ஹாப் அந்தக் குடிசையை விட்டுக் கிளம்ப அவசரப்படமாட்டார். யார் யாரோ வந்து போகிறார்கள், பழைய கதை பேசுகிறார்கள், கோழி, தோட்டம், தொழில் கற்கப் போக ஆசைப்படுகிற பையன் என்று போய்க்கொண்டே இருக்கும். அதைப் படித்தவர்களும் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்தார்கள்: அந்தக் குடிசைப் பகுதிதான் புத்தகமே என்கிறவர்கள், ஒன்றும் நடக்கவில்லை என்று மூடிவைத்தவர்கள். நீங்கள் முதல் வகை என்றால் ஜெம்மெலின் இரண்டாம் பாகத்தில் முதல் மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது, மிச்சம் கொஞ்சம் ஏமாற்றும். இரண்டாவது வகை என்றால் பயப்படவே வேண்டாம். ஜெம்மெல் சீக்கிரமே கிளம்பிவிடுவார்.

எழுதியவர் மனசில் என்ன இருந்தது என்பதைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: 1976இல் தனக்குப் புற்றுநோய் என்று பயந்து, பரிசோதனை முடிவு வருகிறவரைக்கும் மனசைத் திருப்ப ‘லெஜெண்ட்’ கதையை எழுதத் தொடங்கினார். கோட்டை அவர் உடம்பு, படையெடுத்து வருவது நோய். கோட்டை விழுமா நிற்குமா என்பதை முடிவு வந்தபிறகு தீர்மானிக்கலாம் என்று விட்டுவைத்திருந்தார். பயந்தது நடக்கவில்லை. டிரஸ் பாத்திரத்துக்கு அவருடைய மாற்றாந்தந்தைதான் முன்மாதிரி என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆக, வயசான வீரன், முற்றுகை, சொந்தப் பிள்ளையாக இல்லாததை வளர்க்கிற அப்பா, இதெல்லாம் அவருக்கு வெறும் சரக்கு இல்லை என்று சொல்லலாம். இதற்கு மேலே போய் டகேராஸும் மிரியெலும் யார் யாரைக் குறிக்கிறார்கள் என்றெல்லாம் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. அவர் 2006இல் 57 வயதில் காலமாகிவிட்டார், கேட்க வழியில்லை.

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அவனை அங்கேயே விட்டுவிடலாமா? முதல் பாகத்தை மறுபடி ஒருதரம் மனசில் ஓட்டிப் பாருங்கள். எத்தனை பேரைக் காசு வாங்கிக்கொண்டு கொன்றிருக்கிறான். ஒரு கவசத்தைத் தேடிக் கொண்டுவந்ததால் அந்தக் கணக்கெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் ஒப்புக்கொண்டோம், ஏனென்றால் நமக்கு அவனைப் பிடித்துவிட்டது. இரண்டாம் பாகம் அந்தக் கணக்குப் புத்தகத்தை மறுபடி எடுத்து மேஜைமேல் வைக்கிறது. அதனால் முதல் பாகத்தின் முடிவு கெடுகிறது என்பதும் ஒருவிதத்தில் உண்மை. எனக்கு அந்தக் கெடுதல் பிடித்திருந்தது. அந்த முடிவு எப்போதுமே எனக்குக் கொஞ்சம் மலிவாகப் பட்டது.

என் யோசனை: வாங்குங்கள், ஆனால் முதல் பாகத்தின் சூடு ஆறட்டும், ஒரு இரண்டு மாதம் போகட்டும். அந்த இடைவெளியில் ‘லெஜெண்ட்’ படித்துவிட்டால் நாதிர் பகுதி உங்களுக்கு வேறு மாதிரி இருக்கும். பின்னட்டைக் குறிப்பைப் படிக்காதீர்கள், தேவைக்கு மேல் சொல்லிவிடுகிறார்கள். ஐந்து அத்தியாயம் வரைக்கும் பார்த்துவிட்டு, டேன்யல் செத்தது இன்னும் உறுத்திக்கொண்டே இருந்தால் தயங்காமல் மூடிவிடுங்கள், மேலே போகப்போக அது சரியாகாது. பிடித்துப்போய் முடித்துவிட்டால் மூன்றாவதை உடனே எடுக்க வேண்டாம். அதில் அவன் இன்னும் கிழவன், வேறு நாட்டில் பெரிய பணக்காரன், வேறு பெயர். அதன் கடைசிப் பக்கங்களைப் பற்றி என் தாளில் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதியிருந்தார்கள், சண்டையே இல்லை. என்ன எழுதியிருந்தார்கள் என்பதை நீங்கள் அதைப் படித்துவிட்டு வந்து கேளுங்கள்.